பிரிட்டனில் எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட் முடித்தால் வேலை கிடைக்குமா?

2022 செப்டம்பரில் பர்மிங்ஹாமில் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் சேர்ந்தேன். ஒரு வருடப் படிப்பு. அதற்கு முன் ஸ்ரீபெரும்புதூரில், கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் மூன்று வருடம் வேலை. கிளம்பும்போது கன்சல்டன்சியில், "முதல்ல படிப்பை முடிங்க, அப்புறம் ரெண்டு வருஷம் விசா இருக்கு, நிதானமா வேலை தேடலாம்" என்றார்கள். அந்த 'நிதானமா'வை நம்பியவர்கள்தான் என் வகுப்பில் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுக்கும் கிராஜுவேட் ஸ்கீம்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் திறக்கும். பல கிறிஸ்துமஸுக்கு முன்பே மூடிவிடும். வேலையில் சேர்வதோ அடுத்த செப்டம்பரில். அறை பார்த்து, பேங்க் கணக்கு திறந்து, முதல் அசைன்மென்டை முடித்து நிமிர்வதற்குள் அந்த வருடத்தின் வாய்ப்பு போய்விடுகிறது. எங்கள் வீட்டில் இருந்த மதுரை அக்கா வந்த அன்றே சொன்னார்: "தம்பி, பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி சி.வி.யைப் போட்டுடு." அதைக் கேட்டதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முதலில் ஆன்லைன் தேர்வு, பிறகு கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோ இன்டர்வியூ, கடைசியில் அசெஸ்மென்ட் சென்டர், அதாவது குழுவாகச் சில பணிகளைச் செய்ய வைத்து, நேர்காணலும் நடத்தும் இறுதிச் சுற்று. நான் வீடியோ கட்டத்திலேயே நான்கு முறை விழுந்தேன். காரணம் ஆங்கிலம் இல்லை. "ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?" என்றால் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பழக்கத்தில் அது பணிவு. அவர்களுக்கோ, நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும். சப்ளையர் சரக்கைத் தாமதப்படுத்தியபோது லைன் நிற்காமல் இருக்க நான் யாரிடம் பேசினேன், எத்தனை நாள் மிச்சமாயிற்று என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு அழைத்தார்கள். கடைசியில் எனக்கு வேலை கொடுத்தது, அதிகம் பேர் கேள்விப்படாத நடுத்தர உணவு நிறுவனம். கேட்டதெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் அனுபவத்தைத்தான், எம்.எஸ்சி. மதிப்பெண்ணை அல்ல.

அடுத்தது ஸ்பான்சர்ஷிப், அதாவது வேலை தரும் நிறுவனமே உங்கள் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்பது. அதற்கு உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பிக்கும் முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவோ நேரம் மிச்சமாகும். இந்த வேலை விசாவின் பெயர் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆகி, 2025 ஜூலையில் 41,700 ஆனது. படித்து முடித்து மாறுபவர்களுக்குச் சலுகை வரம்பு உண்டு: 33,400. வேலையின் வகையைப் பொறுத்து இன்னும் கூடலாம். அந்தச் சலுகை மொத்தம் நான்கு வருடம்தான், கிராஜுவேட் விசாவில் (படிப்பு முடிந்ததும் வேலை தேடக் கிடைக்கும், கன்சல்டன்சி சொன்ன அந்த விசா) கழித்த காலமும் அதில் சேரும். 2025 ஜூலைக்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பட்டப்படிப்புத் தரத்து வேலைகளுக்கு மட்டுமே ஸ்பான்சர்ஷிப்.

இனி போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு கிராஜுவேட் விசா இரண்டு வருடம் இல்லை, 18 மாதம்தான். 2024 முதல் இந்த வகைப் படிப்புக்குக் கணவன், மனைவியை அழைத்துப் போகவும் முடியாது.

கல்லூரி முடித்த கையோடு, வேலை அனுபவமே இல்லாமல், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துப் பொது மேனேஜ்மென்ட் படிக்கக் கிளம்புவதாக இருந்தால், தயவுசெய்து இரண்டு வருடம் பொறுங்கள். பர்ச்சேஸ், ஆடிட், டேட்டா, எதுவானாலும் சரி, ஒரு துறையில் இங்கேயே வேலை பாருங்கள். அப்புறம் அதே துறையில் படிக்கப் போங்கள். வழிகாட்டும் கன்சல்டன்சிகளில் பலவும் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகின்றன. பொறுங்கள் என்று அவர்கள் சொல்வது அரிது. அதனால்தான் நான் சொல்கிறேன்.