கயால இருந்து ராஜ்கீர் - ஒரே ஒரு பகல்

கயாவுக்கு போனது அப்பா ஸ்ராத்தத்துக்கு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு அக்ஷயவடம்ங்கிற ஆலமரத்தடியில, இனிமே சாப்பிடறதில்லன்னு ஒரு காய், பழம் விடச் சொன்னப்ப நான் பாகற்காய்னு வாயெடுத்தேன், அம்மா முறைச்ச முறைப்புல கத்தரிக்காய்னு மாத்திட்டேன் (பிடிச்சதைத்தான் விடணுமாம்). மறுநாள் ராத்திரிதான் ட்ரெய்ன். சும்மா லாட்ஜ்ல உக்காந்திருப்பானேன்னு விடிகாலையில டாக்ஸி பிடிச்சு ராஜ்கீர் கிளம்பிட்டோம்.

ரத்னகிரி மலை உச்சியில வெள்ளையா விஸ்வசாந்தி ஸ்தூபி. ஜப்பான் பிக்ஷு நிசிதாட்சு ஃபுஜி முயற்சியில கட்டினது, 1969ல திறந்தாங்க. ரோப்வேல ஒத்தை ஆள் சேர் ஒண்ணு இருக்கு, நிக்காது, ஓடிட்டே இருக்கும்போதே டக்குனு உக்காந்துக்கணும். அம்மா "முருகா"ன்னு கத்திட்டே உக்காந்து போயிட்டாங்க. நான் நடை.

நடந்தது நல்லதாப் போச்சு. மகத நாட்டு பிம்பிசார ராஜா புத்தரைப் பாக்க போட்ட பாதைன்னு சொல்றாங்க, வழியில ரெண்டு சின்ன செங்கல் மேடு, ராஜா தேரை விட்டு இறங்கின இடம் ஒண்ணு, கூட்டத்தை திருப்பி அனுப்பிட்டு தனியா நடந்த இடம் இன்னொண்ணுன்னு யுவான் சுவாங் எழுதியிருக்கார். குரங்குத் தொல்லை வேற, கையில இருந்த கடலைப் பொட்டலம் போச்சு. கிருத்ரகூடம், அதாவது கழுகுமலை, அங்க பாறை நிஜமாவே கழுகு மூக்கு மாதிரி நீட்டிட்டு நிக்குது. உச்சியில பெரிய கோயில்லாம் இல்ல, முழங்கால் உயர செங்கல் சுவர், ஊதுபத்தி, காத்துல படபடன்னு அடிக்கிற கலர் கொடிங்க. புத்தர் தாமரை சூத்திரம்ங்கிற உபதேசம் சொன்ன இடம்னு வெளிநாட்டுக்காரங்க உக்காந்து ஓதிட்டு இருந்தாங்க, அர்த்தம் புரியாமலே நானும் கால் மணி நேரம் உக்காந்துட்டேன். அப்புறம் ஸ்தூபிக்கு ஏறி, அம்மாவோட ஒரு சுத்து. நாலு பக்கமும் தங்க நிற புத்தர், பக்கத்து ஜப்பான் கோயில்ல டம் டம்னு மேளம்.

திரும்பற வழியில பிம்பிசாரர் ஜெயில். சுமார் 60 மீட்டர் சதுரம், தடி கல் சுவரோட அடி மட்டும் மிச்சம், உள்ள புல்லு. மகன் அஜாதசத்ருவே அப்பாவை இங்க அடைச்சு பட்டினி போட்டான், இங்கருந்து கழுகுமலையில புத்தர் தெரிவார்னுதான் ராஜா உசிரைப் பிடிச்சுட்டு இருந்தாராம். அஜாதசத்ருக்கு ஒரு மகன் பொறந்த அன்னைக்கு, அவங்க அம்மா சொன்னாளாம், நீ சின்னவனா இருந்தப்ப விரல்ல கட்டி வந்து அழுத, உங்கப்பா விரலை வாயில வெச்சுட்டே இருந்தார், கட்டி உடைஞ்சும் துப்பாம முழுங்கிட்டார்னு. விடுதலை பண்ண ஆள் போறதுக்குள்ள ராஜா போயிட்டார்.

இதைச் சொல்லிட்டே மலையைக் காட்டினேன். அம்மா மலையைப் பாக்கல. "உனக்கு நகச்சுத்தி வந்தப்ப ராத்திரி பதினோரு மணிக்கு எலுமிச்சம்பழம் தேடி கடை கடையா அலைஞ்சாரேடா, ஞாபகம் இருக்கா"ன்னாங்க.

டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தார்.