212இல் 180

என்னோடு வேலை பார்க்கும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, மூன்றாவது சர்வரில் 212 செஷன் இருக்கிறது. புதியவர்களை மட்டும் நிறுத்திவிட்டு, இருப்பவர்கள் வடிந்த பிறகு எடுக்கலாமா?"

"வேண்டாம்மா, இப்போதே எடுத்துவிடு" என்றேன். எங்கள் இணையதளத்தில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு ஒன்பதரை மணி. செஷன் என்பது தளத்துக்கு வரும் ஒவ்வொருவருக்காகவும் சர்வர் தனியாக வைத்துக்கொள்ளும் நினைவு. எடுப்பது என்றால் அந்த சர்வரைப் பயன்பாட்டிலிருந்து விலக்குவது.

அவள் உடனே எடுக்கவில்லை. மவுஸில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்தாள்.

என் பக்க நியாயம் இது. அந்த சர்வரில் தளத்தை ஓட்டும் டாம்கேட் என்ற மென்பொருளில் மெமரி நிரம்பிவிட்டது. வேண்டாததை நீக்கி மெமரியைக் காலிசெய்யும் கார்பேஜ் கலெக்‌ஷனுக்காக ஒவ்வொரு முறையும் எட்டு, பத்து விநாடி உறைந்து நின்றது. நாங்கள் எடுக்காவிட்டால் தானாகவே விழுந்திருக்கும். விழுந்தாலும் அதே 212தான் போகும். இதில் தவறு எங்கே?

தவறு இருந்தது. உலாவி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பும் அடையாளக் குறிப்பான குக்கியின் வாலில் புள்ளி வைத்து சர்வரின் பெயரை ஒட்டி, ஒருவரைக் கடைசிவரை ஒரே சர்வருக்கு அனுப்பும் ஏற்பாடு எங்களுடையது. அந்த சர்வர் இல்லையென்றால், வருபவர்களை சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் அவரை அடுத்ததிடம் தள்ளும். அங்கே அவர் யாரென்று தெரியாது. லாகின் பக்கம்தான் வரும். நான்கு பக்கப் படிவத்தில் கடைசிப் பக்கத்தைச் சமர்ப்பிக்கும்வரை எதுவும் டேட்டாபேசுக்குப் போகாது. எல்லாம் செஷனில், அதாவது அந்த ஒரே சர்வரின் மெமரியில்.

மறுநாள் உதவி மையத்தின் அழைப்புப் பதிவு ஒன்றைக் கேட்டேன். பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். கோபப்படவே இல்லை. "மறுபடியும் முதலிலிருந்தா? கடையை மூடப்போகிறார்களே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் கணக்குப் போட்டேன். லோட் பேலன்சர் பத்து விநாடிக்கு ஒருமுறை லாகின் பக்கத்தைத் தட்டி, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். அந்தத் தட்டலோடு குக்கி வராது. ஆகவே ஒவ்வொரு தட்டலுக்கும், அந்தப் பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி நிரல் ஒரு புது செஷனைத் திறந்துவிடும். செஷனின் ஆயுள் 30 நிமிடம். அரை மணிக்கு 180. ஆக, 212இல் 180 பேர் மனிதர்களே அல்ல. மீதி 32, அதிலும் உலாவியை மூடிவிட்டுப் போனவர்கள் இருப்பார்கள்.

இந்தக் கணக்கு கிடைத்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த எண்ணிக்கை எப்படியும் பூஜ்யத்துக்கு வந்திருக்காது, வடியட்டும் என்று காத்திருந்தால் விடியும்வரை காத்திருந்திருப்போம் என்று அவளிடமும் சொன்னேன். "சரி அண்ணா" என்றாள்.

ஆனால் "எடுத்துவிடு" என்றபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. 212 பேரும் மனிதர்கள் என்று நம்பிக்கொண்டுதான் சொன்னேன்.

இன்னும் பின்னால் போனால், செஷனை ரெடிஸ் என்ற தனிச் சேமிப்பில் எல்லா சர்வர்களுக்கும் பொதுவாக வைக்கலாம் என்ற யோசனை முந்தைய ஆண்டே வந்தது. பராமரிக்க இன்னொரு பெட்டி, கெட்டுப்போக இன்னொரு பொருள் என்று மறுத்தவன் நான். படிவத்தைப் பக்கத்துக்குப் பக்கம் சேமித்திருந்தால் ரெடிஸ்கூடத் தேவைப்பட்டிருக்காது. எனவே தவறு அந்த இரவில் நடக்கவில்லை, ஓராண்டுக்கு முன் ஒரு கூட்டத்தில் நடந்தது என்று சொல்லலாம். அப்படிச் சொல்வது வசதியாகவும் இருக்கிறது. கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம்.

இப்போது செஷன்கள் ரெடிஸில்தான் இருக்கின்றன. எந்த சர்வரை எப்போது எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் ஒவ்வொரு முறையும் புதியவர்களை நிறுத்திவிட்டு அரை மணி காத்திருக்கிறாள். தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளும் இப்போதெல்லாம் என்னிடம் எதையும் கேட்டுவிட்டு எடுப்பதில்லை.