புஷ் ஒரு சோடி

திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குக் கிட்டத்தான் எங்கள் வாகன உதிரிப்பாகக் கடை. காலையில் கதவு திறந்ததும் அநேகமாக ஓர் ஓட்டோக்காரர் நிற்பார்: "அக்கா, புஷ் ஒரு சோடி எடுங்கோ."

இங்கிலீசில் புஷ் என்றால் பற்றை என்று படித்துவிட்டு வந்த மகள், இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டாள். இல்லை. நாங்கள் விற்கும் புஷ், பெட்டி என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லின் வழி வந்தது. சில்லின் நடுத்துளைக்குள் தேய்மானம் தாங்கப் போடும் குழாய்க்கு அந்தப் பெயர். கந்தோரும் துட்டும்கூட டச்சுதான். அவை நேரே இங்கே கரையிறங்கின. புஷ் மட்டும் இங்கிலீஷ் வழியாகச் சுற்றி வந்தது.

அப்பாவிடம் இன்னொரு புஷ் இருந்தது, ரேடியோ. 1932இல் தொடங்கிய கம்பனி, லண்டனில் உள்ள ஷெப்பர்ட்ஸ் புஷ் என்ற இடத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. அதில்தான் இரவில் பிபிசி தமிழோசை கேட்போம். அது வந்ததோ புஷ் ஹவுஸிலிருந்து! அந்தக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்தவர் இர்விங் புஷ் என்ற அமெரிக்க வியாபாரி. 2012இல் பிபிசி அங்கிருந்து போய்விட்டது. சண்டைக் காலத்தில் செய்தி முடியும்வரை அப்பா வீட்டில் ஒருவரையும் வாய் திறக்க விடமாட்டார். மூதூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் இருந்தார்கள்.

சரி, கடைக்கு வருவோம். சில்லைத் தாங்கும் இரும்புக்கை வண்டியோடு சேரும் மூட்டில் போடும் ரப்பர் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய், இடையில் ஒட்டிய ரப்பர். சில்லு பள்ளத்தில் இறங்கும்போது வரும் திருகலை அந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. இரும்போடு இரும்பு உரசாது. இவ்வளவு வேலை செய்யும் சாமானை 'கடக் கடக்' என்று சத்தம் வரும்வரை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அதுதான் மனவருத்தம். திருகோணமலையில் உப்புக் காற்று வேறு. மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி வடிந்து, வெளிக்குழாய் துருவேறி இறுகிவிடும். அதைத் தட்டிக் கழற்றுவதற்குள் கராஜ் பெடியனுக்குக் கை மரத்துப்போகும்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்டாலும் நான் சோடியாகத்தான் எடுத்து வைப்பேன். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் நைந்ததுமாக ஓடினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்புறம், சத்தத்தை அடக்க ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் பூசாதீர்கள். ரப்பர் ஊதிப் பழுதாகும். கிரீஸ் எல்லாம் பித்தளை புஷ்ஷுக்குத்தான்.