கட்டிலைத் தாண்டிப்போன ஒட்டுப் போர்வை

ஒட்டுப் போர்வையின் மேல்துணிக்குக் கடைசி வரிசையையும் கரையையும் சேர்த்துத் தைத்த ராத்திரி, ஹாலில் விரித்துப் பார்த்தேன். டிவி ஸ்டாண்டில் ஆரம்பித்து சமையலறை நிலைப்படி வரை போய் நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இதைக் கட்டிலுக்குத் தெச்சியா, களத்துல நெல்லுக் காயப்போடத் தெச்சியா?” என்றாள்.

டேப் வைத்து அளந்தால் 102 இஞ்சுக்கு 114. எங்கள் மெத்தை 60க்கு 75தான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆனது. பழைய பருத்திச் சேலைகளை ஆறரை இஞ்ச் சதுரமாக வெட்டியிருந்தேன். தையலுக்குப் பக்கத்துக்கு அரை இஞ்ச் போகும், ஒரு சதுரம் ஐந்தரையாக நிற்கும் என்பது என் கணக்கு. ரவிக்கை தைத்துப் பழகிய கணக்கு அது. ஆனால் தைக்கும்போது மெஷின் காலின் ஓரத்தைத் துணி விளிம்போடு ஒட்டியே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் மெஷினில் ஊசிக்கும் அந்த ஓரத்துக்கும் கால் இஞ்ச்தான். ஆக ஒவ்வொரு சதுரமும் முழுசாக ஆறு இஞ்ச். வரிசைக்கு 16 சதுரம், மொத்தம் 18 வரிசை. 88க்கு 99 என்று போட்ட திட்டம் 96க்கு 108 ஆகிவிட்டது. இது போதாதென்று ஆசைப்பட்டு, ரெண்டு சேலையின் கரையை வெட்டி நாலு பக்கமும் 3 இஞ்ச் வேறு வைத்திருந்தேன்.

முதல் வரிசை முடிந்ததுமே ஒரு தடவை டேப் பிடித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தைக்கத் தைக்க மடித்து பீரோவில் அடுக்கிக்கொண்டே போனேன்.

இன்னொரு வினையும் இருந்தது. கரை தரையில் படியவே இல்லை, அப்பளம் பொரிந்த மாதிரி அலை அலையாக எழும்பி நின்றது. கரைத்துணியை அளக்காமல், போகிற போக்கில் வைத்துத் தைத்து, மிஞ்சியதை நறுக்கியதால் வந்த வினை. போர்வையின் நடுப்பகுதியை விட ஓரம் எப்போதும் கொஞ்சம் இழுபட்டுத்தான் இருக்கும். வாயில் சேலை மாதிரி மெல்லிசான துணி ஓரத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். நடுவில் டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கே கரையை வெட்டி, ரெண்டு முனையையும் நடுவையும் முதலில் குண்டூசி குத்திவிட்டு மிச்சத்தைச் சமாளித்துத் தைக்க வேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பெரிய போர்வை என்றால் என்ன குறைச்சல்? குறைச்சல் தூக்கும்போது தெரியும். மேல் துணி, உள்துணி, அடித்துணி எல்லாம் சேர்ந்து நனைந்தால் ஒரு ஆள் பிழிய முடியாது. கட்டிலில் போட்டாலும் தரையைக் கூட்டிக்கொண்டு கிடக்கும்.

கத்தரி வைக்க மனசு வரவில்லை. தையலைப் பிரித்தேன். முதலில் கரை நாலையும் எடுத்தேன். பிறகு நீளவாக்கில் ரெண்டு பத்தி, குறுக்கே ரெண்டு வரிசை. சதுரம் சதுரமாகப் பிரிக்க வேண்டியதில்லை. 108 இஞ்சில் ஒரு நீளத் தையல், 84 இஞ்சில் ஒரு குறுக்குத் தையல், அவ்வளவுதான். தையல் பிரிக்கும் கத்தியால் ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். துணியை ரெண்டு கையால் பிய்த்து இழுக்கக் கூடாது. எட்டு இஞ்சுக்கு அப்படி இழுத்துப் பார்த்தேன், ஒரு சுங்குடிச் சதுரம் நூல் விட்டுவிட்டது.

இப்போது 84க்கு 96. அதே கரையை ஒழுங்காக அளந்து, குறுக்கி, 2 இஞ்ச் தெரிகிற மாதிரி வைத்தேன். 88க்கு 100. முதலில் நினைத்ததை விட ஒரே ஒரு இஞ்ச் நீளம் கூடுதல். கரை தரையில் படிந்தது.

உள்ளே என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வாங்கலாம்தான். ஈரோட்டு வெயிலுக்கு யார் அதைப் போர்த்துவது? வங்காளத்தில் காந்தா என்கிற போர்வை தைப்பவர்கள் பழைய சேலைகளையே அடுக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள். நான் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி மூன்றை எடுத்தேன். அப்பா ஒட்டும் வேட்டிக்கு மாறி ரெண்டு வருஷம் ஆகிறது, கேட்டால் தருவார் என்று நினைத்து, கேட்காமலே எடுத்தேன். ரெண்டு அடுக்காக வைத்தேன். ஒட்டுகிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் பின்னால் வரப்பு மாதிரி தெரியும். பக்கத்தில் பக்கமாக வைத்துத் தளர்வாகக் கையால் தைத்துவிட்டேன்.

அடிக்குச் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்று போட்டுவிடலாம், ஒட்டுவேலை மிச்சம் என்று பார்த்தேன். வீட்டில் இருந்த ஒன்றில் ஊசி குத்திப் பார்த்ததில் விரல்தான் சிவந்தது. அத்தனை அழுத்தமான நெசவு. அதனால் 36 இஞ்ச் அகல பாப்ளின் ஏழரை மீட்டர் வாங்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, மூன்று துண்டாக வெட்டிச் சேர்த்தேன்.

மூன்றையும் அடுக்க சோபாவை வாசலுக்குத் தள்ள வேண்டியிருந்தது. பாப்ளினை மொசைக் தரையில் விரித்து ஓரத்துக்கு டேப் ஒட்டி, மேலே வேட்டி, அதற்கு மேல் ஒட்டுத்துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. சேலைக்குக் குத்துகிற ஊக்கு எல்லாம் தீர்ந்து, மறுநாள் அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மூன்று அடுக்கையும் சேர்த்து மெஷினில் ஓட்டும் கில்ட்டிங் ஆசையை ஒரே கோட்டில் விட்டேன். சுருட்டி வைத்த போர்வை மெஷின் கைக்கு அடியில் நுழையவே மறுத்தது. மெத்தைக்காரர் இலவம்பஞ்சு மெத்தையில் அங்கங்கே முடிச்சுப் போடுவாரே, அது ஞாபகம் வந்தது. நாலு சதுரம் சந்திக்கிற ஒவ்வொரு மூலையிலும் எம்ப்ராய்டரி நூலை, ஆறு இழையும் பிரிக்காமல், மேலிருந்து குத்திக் கீழே வாங்கி, கால் இஞ்ச் தள்ளி மேலே எடுத்து, ரெண்டு முடிச்சு. முதல் முடிச்சில் வலது மேலே, ரெண்டாவதில் இடது மேலே. ரெண்டுமே ஒரே பக்கமாகப் போட்டால் அவிழ்ந்துவிடும். வால் அரை இஞ்ச் விட்டு நறுக்கினேன். 13க்கு 15, மொத்தம் 195 முடிச்சு, நாலு ராத்திரி. பஞ்சு வைத்திருந்தால் இவ்வளவு இடைவெளி விட யோசித்திருப்பேன். வேட்டி உள்ளே நகராது.

ஓரத்துக்குத் தனித்துணி தேடவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாப்ளினையே ஒரு இஞ்ச் விட்டு நறுக்கி, ரெண்டு மடிப்பாக முன்பக்கம் மடித்து மெஷினில் ஓட்டிவிட்டேன்.

முதல் தடவை துவைத்தபோது சிவப்புச் சுங்குடி பக்கத்துச் சதுரம் மூன்றுக்கு ரோஸ் பூசிவிட்டது. வெட்டுவதற்கு முன்பே ஈர வெள்ளைத்துணியை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். கால்மாட்டுப் பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

பிரித்தெடுத்த பத்தியும் வரிசையும் 64 சதுரம். எண்ணிப் பார்த்தால் எட்டுக்கு எட்டு, நாலடிச் சதுரமாக அச்சாக வருகிறது. தைத்தும் வைத்துவிட்டேன். உள்ளே வைக்கத்தான் துணியில்லை. அப்பாவின் பீரோச் சாவி இப்போது அம்மாவின் இடுப்பில் இருக்கிறது.