தோள்பட்டை நொறுங்கிய பெரியவர்களுக்கு ஆபரேஷன்: எது, எப்போது?

எழுபதைத் தாண்டியவர் இடறி விழுந்து, மேற்கை எலும்பின் தலைப்பகுதி மூன்று நான்கு துண்டாகிவிட்டது என்றால் வீட்டில் எல்லோரும் உடனே கேட்பது "ஆபரேஷன் என்றைக்கு?" என்றுதான். "ஆபரேஷன் தேவையா?" என்று முதலில் கேளுங்கள். பெரியம்மாவுக்கு இப்படி ஆனதிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரிட்டனில் இப்படி மேற்கை எலும்பு உடைந்து விலகிப்போன 250 பேரை வைத்துச் செய்த ப்ராஃபர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டு பிசியோதெரபி செய்தவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் நான்கு துண்டாக உடைந்தவர்கள் குறைவு, மூட்டே நழுவியவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் அதையே விதியாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது.

சரி, ஆபரேஷன்தான் என்று முடிவானால் எது? பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவது கேட்க நன்றாக இருக்கும், சொந்த எலும்பே மிஞ்சுகிறது. ஆனால் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்குத் தலைப்பகுதி உள்ளே முட்டை ஓடு மாதிரி வெறுமையாக இருக்கும், ஸ்க்ரூ பிடிக்காமல் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் வந்துவிடலாம், ரத்த ஓட்டம் அறுந்து எலும்புத் தலை செத்தும் போகலாம், அப்புறம் இன்னொரு ஆபரேஷன். மூட்டில் பாதியை, அதாவது உடைந்த எலும்புத் தலையை மட்டும் செயற்கையாக மாற்றினால், தசைநாண்கள் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டுகள் சேர்ந்து கூடினால்தான் கை மேலே எழும், முதிய எலும்பில் அது நிச்சயமில்லை.

இங்கேதான் ரிவர்ஸ் மூட்டு, அதாவது தலைகீழாக அமைத்த செயற்கைத் தோள்மூட்டு வருகிறது. பிரான்ஸின் பால் கிராமோன் 1980-களில் உருவாக்கியது. பந்தைத் தோள் எலும்பிலும் கிண்ணத்தைக் கை எலும்பிலும் மாற்றி வைத்துவிடுவதால், உள்தசைநாண்கள் கிழிந்திருந்தாலும் வெளியே உள்ள டெல்டாய்டு தசை மட்டுமே கையைத் தூக்கிவிடும். 65 முதல் 85 வயது வரை உள்ளவர்களிடம் நார்வேயில் பிளேட்டோடு ஒப்பிட்டபோது, மோசமாக விலகிய முறிவுகளில், இரண்டு வருட முடிவில் ரிவர்ஸ்தான் மேலாக இருந்தது. நான் அதன் பக்கம் சாய்வதும் அதனால்தான். ஆனாலும் அந்தத் தசையை இயக்கும் நரம்பு வேலை செய்யவேண்டும், மூட்டு நழுவலாம், கிருமித்தொற்று வரலாம், முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது சிரமமாகவே இருக்கும்.

முதலில் ஆபரேஷன் இல்லாமல் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் பிறகும் ரிவர்ஸ் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பலருக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. இந்த ஆபரேஷனை அவர் அடிக்கடி செய்பவரா என்றும் தயங்காமல் கேட்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இடறி விழுந்ததற்கே தோள் இப்படி நொறுங்கினால் அடுத்து இடுப்பு எலும்புக்கும் ஆபத்து உண்டு.