ரூபாய்க்கு எத்தனை படி? பூட்டன் சிட்டையோடு ஒரு மாதம்

5 ஜூலை 2025, சனி

பனிமய மாதா திருவிழாவுக்குச் சரக்கு இறக்க வேண்டும், குடோனில் இடம் இல்லை. பரணை ஒழித்தபோது துருப்பிடித்த டிரங்குப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒடுக்கமாக, நீளமாக ஒரு கணக்குப் புத்தகம், கடைச் சிட்டை. ஓரமெல்லாம் ராமபாணம் தின்றிருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் ‘லாபம்’, அதன் கீழ் ‘பிலவங்க ௵ சித்திரை ௴’. பிலவங்க என்றால் 1907 ஏப்ரலில் பிறந்த வருஷம். அப்பாவின் தாத்தா, என் பூட்டன், தூத்துக்குடியில் கடை வைத்திருந்த காலம்.

அம்மாவிடம் காட்டினேன். “தூசியத் தட்டிட்டு உள்ள கொண்டு வா” என்றதோடு சரி.

7 ஜூலை, திங்கள்

இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை. க, உ, எ, அ என்று எழுத்தாகக் கோத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் எழுத்தே இல்லை. ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. ஏரலில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் போனில் சிரித்த சிரிப்பு கடை வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஏலே, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இதக்கூடத் தெரியாம நீ என்னத்தல யாவாரம் பாக்க?”

பெரியப்பாவுக்கு அவர் அப்பா எண்சுவடியை, அதாவது பழைய வாய்பாட்டை, மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா அல்லவா? அப்போது மாகாணி ரூபாய் ஓரணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா, மும்மாகாணி மூன்றணா. பின்னமும் காசும் ஒரே வாய்பாட்டில் அடங்கிவிடுகின்றன. கால்குலேட்டர் இல்லாமல் கடை எப்படி நடத்தினார்கள் என்று இத்தனை நாள் யோசித்ததற்கு வெட்கமாக இருந்தது. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி, ரூபாய்க்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மூன்றால், நான்கால், ஆறால், எட்டால் எப்படிப் பங்கு போட்டாலும் மிச்சம் விழாது. நம் நூறு பைசாவை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள்.

10 ஜூலை, வியாழன்

அன்றைக்கு அரிசி என்ன விலை என்று தேடினேன். மூன்று மாதக் கணக்கைப் புரட்டியும் ‘படி இவ்வளவு’ என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. ராமபாணம் தின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது, நான் தேடிய திசையே தப்பு. பூட்டன் தலைகீழாக எழுதியிருக்கிறார்: ரூபாய்க்கு இத்தனை படி. சர்க்காரின் பழைய விலைப்பட்டியல்களிலும் ரூபாய்க்கு எத்தனை சேர் என்றுதான் இருக்கும், அது இப்போது ஞாபகம் வருகிறது.

இது வெறும் எழுதும் வழக்கம் இல்லை. ரூபாய் அசையாமல் நிற்கிறது, படிதான் ஏறி இறங்குகிறது. சித்திரையில் ரூபாய்க்கு அளந்ததற்கும் தை மாதம் அளந்ததற்கும் ஒரு முழுப் படி வித்தியாசம். ‘விலை ஏறிவிட்டது’ என்று யாரும் புலம்பியிருக்க மாட்டார்கள். ‘படி குறைஞ்சிட்டு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு அது பையின் கனத்திலேயே தெரிந்திருக்கும்.

அளப்பதில் வேறு சாமர்த்தியம் இருக்கிறது. கோபுரமாக அளந்தால் ஒன்று, தலை தட்டி அளந்தால் இன்னொன்று. முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது எங்கள் தாத்தா வரைக்கும் இருந்தது. யாருக்கு லாபம் என்று நான் சின்னப் பையனாகக் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

13 ஜூலை, ஞாயிறு

மத்தியானம் கடை அடைத்துவிட்டு ஒரே வீட்டின் பற்றை, அதாவது கடன் கணக்கை, மட்டும் பின்தொடர்ந்தேன். பூட்டன் அவர்களை ‘மில் வீடு’ என்றுதான் எழுதியிருக்கிறார். வேறு பலருக்குப் பெயர் உண்டு. அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் இன்னும் என் கடைக்கு வருகிறார்கள்.

மில் வீட்டின் ஒரு நாள்: கருப்பட்டி காலணா, வத்தல் காலணா, எண்ணெய் அரையணா, புளி காலணா, வெற்றிலை பாக்கு காலணா. கூட்டினால் ஒன்றரை அணா. அரிசி தனி. எத்தனை பலம், எத்தனை உழக்கு என்று ஒரு இடத்திலும் இல்லை. காசைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், காசுக்கு உண்டானதைக் கடைக்காரர் அளந்திருக்கிறார். மேலே ஒரு கை கொசுறு விழுந்திருக்கும், அதற்குக் கணக்கு கிடையாது.

இன்று சாயங்காலம் ஒரு பையன் வந்து “அஞ்சு ரூவாக்கு பிஸ்கட்” என்றான். அந்தப் பாக்கெட் பல வருஷமாக அஞ்சு ரூபாய்தான், உள்ளே கிராம்தான் குறைந்துகொண்டே வருகிறது. கம்பெனிக்காரனுக்கு என் பூட்டன் வித்தை தெரிந்திருக்கிறது. கொசுறு போடத்தான் மனசு இல்லை.

ஒரு துணைச் செய்தி. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓரணா நாணயம் வந்ததே 1907இல்தான், விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல இருக்கும் நிக்கல் காசு. அதுவரை ஓரணா கொடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நாலு காலணாவாக எண்ணிப் போடவேண்டும். சிட்டையில் ‘புது அணா’ என்று ஓரிடத்தில் குறித்திருக்கிறார். செல்லுமா செல்லாதா என்று அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்குமோ என்னவோ.

18 ஜூலை, வெள்ளி

உப்பு. ஊரைச் சுற்றி உப்பளம், ஆனாலும் உப்புக்கு வரி கட்டித்தான் தின்றிருக்கிறார்கள். 1903 வரை மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி. இது சர்க்கார் மணங்கு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 37 கிலோ. மெட்ராஸ் மணங்கு சின்னது, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1903இல் அந்த வரி இரண்டு ரூபாய் ஆனது, 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரு ரூபாய். இன்றைய கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு வரி மட்டுமே ஓரணாவுக்குச் சற்று மேல், 1907க்குப் பிறகு ஐந்து தம்பிடி.

மில் வீட்டுக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் அந்த ஓரணாவின் கனம் தெரியும். அது அவர்கள் ஒரு நாள் வாங்கிய எல்லாச் சாமானிலும் மூன்றில் இரண்டு பங்கு. சிட்டையில் உப்பு அபூர்வமாகத்தான் வருகிறது. அளத்தில் வேலை செய்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார்களா? அதை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவான்!

21 ஜூலை, திங்கள்

கப்பல் பற்றி ஏதாவது இருக்கும் என்று ஆசையாகத் தேடினேன். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் பத்து லட்சம். கொழும்புக்கு ஆள் ஏற்றுவதில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி முற்றி, அவன் டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்க, இவர் எட்டணாவுக்கு இறக்க, கடைசியில் அவன் இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் கொடுத்தான் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கதை.

எட்டணாவை இப்போதுதான் எனக்கு நிறுத்துப் பார்க்கத் தெரிகிறது. மில் வீட்டின் ஐந்து நாள் சில்லறைச் சாமானைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கடல் தாண்ட அவ்வளவு போதுமென்றால் எந்தக் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? ஒரு பங்கு 25 ரூபாய் என்பதையும் அதே தராசில் வைத்தேன். மில் வீட்டுக்கு அது எட்டு மாதச் சில்லறைச் சாமானுக்கும் மேல். பூட்டன் பங்கு வாங்கினதாக ஒரு வரியும் இல்லை. சரி, விடுவோம்.

26 ஜூலை, சனி

கொடியேற்றம். ராத்திரி பதினொன்று வரை கடை. கால் வீங்கிவிட்டது. சிட்டையைத் தொடவில்லை.

29 ஜூலை, செவ்வாய்

மாசி மாதத்துக்கு வந்துவிட்டேன். 1908 பிப்ரவரி 27 அன்று எங்கள் ஊர்ப் பஞ்சாலையான கோரல் மில்லின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அம்மாவுக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். “மில்லு நின்னப்போ உங்க பூட்டன் அம்புட்டு வீட்டுக்கும் அரிசி அளந்து குடுத்தாவன்னு எங்க மாமியா சொல்லுவாவ” என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

கொடுத்திருக்கிறார், பொய் இல்லை. மில் வீட்டுக்கு வழக்கமாகக் காலணா அரையணா சில்லறைதான் பற்றில் ஏறும், அரிசி ரொக்கத்துக்குத்தான். அந்த நாட்களில் அரிசியும் பற்றில் ஏறுகிறது. இன்னும் ஏழெட்டு வீடுகள் அப்படியே. மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் ஒத்துக்கொள்ளப்பட்டு வேலை தொடங்கியது. 12ஆம் தேதி வ.உ.சி. கைது, ஊரில் கடைகள் அடைப்பு, மில்லிலும் மறுபடி நிறுத்தம். சிட்டையில் பங்குனித் தொடக்கம் வெற்றுத்தாள். பிள்ளையார் சுழி மட்டும் போட்டு விட்டிருக்கிறார்.

அந்தப் பற்று வரிகளில் ஏதோ ஒன்று கணக்கில் உதைத்துக்கொண்டே இருந்தது. பெரியப்பாவுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

6 ஆகஸ்ட், புதன்

திருவிழா முடிந்தது. பெரியப்பா பதில் சொன்னார். ரொக்கத்துக்கு அளந்த படிக்கும் கடனுக்கு அளந்த படிக்கும் ரூபாய்க்குக் கால் படி வித்தியாசம். வட்டி என்று தனியாக ஒரு பத்தி அந்தப் புத்தகத்தில் கிடையாது. வட்டி படிக்குள் இருக்கிறது. வைகாசிக்குள் எல்லா வீடும் காலும் அரைக்காலுமாக அடைத்துவிட்டதைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறார், ஒரு தம்பிடி விடாமல்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன்.

“அளந்து குடுத்தாவன்னுதான சொன்னேன். சும்மா குடுத்தாவன்னு சொன்னேனா?” என்றாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. “அன்னைக்கு வேற எந்தக் கடையில கடன் குடுத்தானாம்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற கடைகளின் சிட்டை என் பரணில் இல்லையே.

சாயங்காலம் என் பற்று நோட்டை எடுத்துத் திருவிழாப் பாக்கியை எழுதினேன். ரொக்கம் கொடுப்பவருக்கு எண்ணெய் பாக்கெட்டில் இரண்டு ரூபாய் குறைப்பேன். நோட்டில் எழுதச் சொல்பவருக்கு அட்டையில் போட்ட விலை. பதினாறு வீடு, எல்லாம் அட்டை விலையில்.