கொல்லைக் கேமராவும் 11-ஆம் சேனலும்

கும்பகோணத்துப் பழைய வீடு எங்களுடையது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் தாண்டித்தான் கொல்லை. ரவுட்டர் ரேழியில். கொல்லைக் கேமராவுக்கு வைஃபை சிக்னல் -81 டிபிஎம்தான் கிடைத்தது (பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ, அவ்வளவு பலம்). பக்கத்து வீட்டு ரவுட்டரோ எங்கள் கூடத்திலேயே -55 காட்டியது. பொதுச்சுவர் வீடுகளில் இது சகஜம்.

முதல் வேலையாகத் தாழ்வாரத்தை ஒட்டிக் கேபிள் இழுத்து, கொல்லை வாசலில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிள் வழி வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டினேன். சிக்னல் ஏறியது, படம் மட்டும் விட்டு விட்டு வந்தது. சுற்றியுள்ள வைஃபைகள் எந்தச் சேனலில் (அலைவரிசைத் துண்டில்) ஓடுகின்றன என்று காட்டும் வைஃபை அனலைசரில் பார்த்தால், பக்கத்து வீட்டு மாமா 9-ஆம் சேனலில் இருக்கிறார். "அதுல யாருமே இல்லையே தம்பி, அதான் போட்டேன்" என்றார்.

யாருமில்லை என்பதுதான் சிக்கலே. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு ரவுட்டரும் பிடிப்பதோ சுமார் 20. ஆக 9 என்பது 6-இலும் இடிக்கும், 11-இலும் இடிக்கும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதால் முறை வைத்துப் பேசுவார்கள். பாதி மேலே விழுபவருக்கு அது வெறும் இரைச்சல். பாக்கெட் (தகவல் துண்டு) கெட்டு, திரும்ப அனுப்ப வேண்டியதுதான். மாமாவை 1-க்கு மாற்றச் சொன்னேன். நான் 11-ஐ எடுத்து, சேனல் அகலத்தையும் 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்குக் குறைத்தேன். படம் நின்று நின்று வருவது அன்றே போயிற்று. கூடத்து டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸில் 36-ஆம் சேனல். அது அந்தக் கனத்த சுவரைத் தாண்டத் திணறும். பக்கத்து வீட்டோடு மோதாது என்பதால் எனக்கு அதுவும் வசதிதான்.

அப்புறம் பூட்டு. கடவுச்சொல் இல்லாமலே பின் எண்ணால் வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ்ஸை முதலில் அணைத்தேன். அதன் 8 இலக்கப் பின்னை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும் என்பது 2011-லேயே வெளிவந்த சங்கதி. வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மறைத்த பெயரை நம் போனே போகிற இடமெல்லாம் கூப்பிட்டுத் தேடும்.

வீட்டுப் போன்களுக்கு வைஃபை பூட்டில் புதிய தலைமுறையான டபிள்யூபிஏ3. கேமராவுக்கு அது தெரியாது, பழைய டபிள்யூபிஏ2-தான். அதனால் கேமராவைக் கெஸ்ட் நெட்வொர்க்கில் (வீட்டுச் சாதனங்களைத் தொட முடியாத விருந்தினர் வைஃபையில்) தனியாக ஒதுக்கினேன். இப்போது போனுக்கும் கேமராவுக்கும் நேரடிப் பேச்சில்லை. படம் இணையத்தைச் சுற்றிக் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. வாழைக்கன்றை மேய வரும் மாட்டை விரட்ட அது போதும்.